உம்மாவுக்கு ஒரு பிளஷர்

எங்கள் கார் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

போர்ட் பிளேரின் கப்பல்துறையான சாத்தம் ஜெட்டியில் மெட்ராஸ் கப்பல் வந்து நின்றிருந்தது. கப்பலின் கிரேன் காரைத் தூக்கி வெளியே நீட்டியிருந்தது. நாலு சக்கரங்களுக்கும் கயிற்று வலை போட்டிருந்தார்கள். வெளிர்பச்சை நிறம். கடலுக்கு மேலே அது மெதுவாக ஒரு சுற்று சுற்றி, முகப்பு விளக்குகளை எங்களுக்குக் காட்டிவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பியது. பக்கத்து மர ஆலையின் படாக் மரத்தூள் வாசனையும் கப்பல் எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின.

வாப்பா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

"கயிறு தாங்குமாடா?"

"தாங்கும் வாப்பா."

"எல்லாம் பாத்துத்தானே வாங்குனே?"

"எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணு விடலே."

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஒன்றும் விடவில்லை என்று சொல்ல அதைவிடத் தோதான வயது கிடையாது. கார் தரையில் வந்து அமர்ந்ததும் ஜெட்டியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் ஏதோ அதைப் பெற்றெடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன்.

மழையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: வருஷத்தில் எட்டு மாதம் கொட்டுகிற ஊரில் உங்கள் வீட்டுப் பெண்கள் எப்படித்தான் வெளியே போனார்கள்? மற்ற பெண்கள் குடை பிடித்துப் போனார்கள். எங்கள் உம்மா எப்படிப் போனார் என்று எனக்கே பல வருஷம் தெரியாது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

முகத்தைத் திருப்பும் வழக்கம்

வாப்பா கீழக்கரையிலிருந்து உலகச் சண்டை முடிந்த கையோடு போர்ட் பிளேருக்கு வந்தவர். அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை. கடைக்கு மேலே, சரிவில் வீடு. வீட்டின் பின்பக்கம் ஆறு கல்படிகள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் படியில் உம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டு எலும்பு கூடியது. ஆனால் இடது கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே விறைப்பு.

உம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பேசினால் அவர் மனம் நோகும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் வந்துவிட்டது. 'கால்' என்கிற சொல்லையே வீட்டில் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தினோம். நாற்காலியின் கால் உடைந்தால்கூட, "நாற்காலி ஆடுது" என்றுதான் சொல்வோம்.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு காட்டு இலாகா அதிகாரியிடமிருந்து வாப்பா வாங்கிய பழைய கறுப்புக் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. கார் என்று நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் ஆட்கள் வாயில் அது பிளஷர்தான். விழுந்த பிறகு உம்மா வெளியே போனதெல்லாம் அதில்தான். கம்பை ஊன்றி வாசலுக்கு வருவார். முன் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வாப்பா கடலைப் பார்ப்பார். நான் பானெட்டைத் தூக்கி இல்லாத கோளாறைத் தேடுவேன். எங்கள் லாத்தா, அதாவது என் அக்கா, வந்திருந்தால் அவள் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்பாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவோம். உம்மா வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்தபடி ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒன்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன். அவர் ஏறுவதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அவர் போவதும் ஓர் இடத்துக்குத்தான். கப்பல் வரும் நாளில் சாத்தம் ஜெட்டிக்கு. அந்தக் காலத்தில் கப்பல் என்றால் ஊரே போகும். யாரும் வரப்போவதில்லை என்றாலும் போகும். கடுதாசி, வெங்காயம், புதுச் சினிமாப் பெட்டி, கல்யாணமான பெண், வேலைக்கு வரும் ஆள், எல்லாம் அதில்தான் வரும். உம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் இறங்கியதும் சேதி தெரிந்து ஜன்னலோரம் வந்து சலாம் சொல்வார்கள். யார் வீட்டில் யாருக்கு நிக்காஹ், எந்தத் தெருவில் யார் மௌத்து, யாருக்குப் பிள்ளை பிறந்தது, எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வந்து சேரும். ஒரு பொட்டலம் தொதல் இனிப்பும் வரும். வாசனை வண்டிக்குள் ஒரு வாரம் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் உம்மா இரண்டு நாளைக்கு ஓயாமல் பேசுவார். அடுத்த கப்பல் வரை அதுதான் அவருக்குச் சாப்பாடு.

ஆகவே எங்களுக்குக் கார் என்றால் உம்மா கப்பலுக்குப் போவது. வேறு எதற்கும் எங்களுக்குக் கார் தேவையில்லை. கடை நடக்கிற தூரம். மசூதி நடக்கிற தூரம்.

ஊருக்கே தெரிந்த வண்டிகள்

எங்கள் கார் மெக்கானிக் கோயா மிஸ்திரி ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினார். துரு கொத்தாக அவர் முகத்தில் கொட்டியது. வெளியே வந்து தாடியைத் தட்டினார். மலபாரிலிருந்து அவர் தகப்பனார் காலத்திலேயே வந்த குடும்பம். எந்தப் பாஷை பேசினாலும் பாதி ஹிந்தி கலந்துவிடும்; வண்டி என்பது அவர் வாயில் 'காடி'.

"அரே ஜமால், சேசிஸ் கதம். ரெண்டு எடத்துல கீறல். எறக்கத்துல போறப்ப முறிஞ்சா முன்னாடி ஸீட்ல யாரு இருக்கா? உன் உம்மா. இனி இந்தக் காடில அவங்களை ஏத்தாதே. நானே பூட்டு போட்டுடுவேன்."

நான் ஏற்றவில்லை. எனக்கு எதையும் பாதியில் நிறுத்திப் பழக்கம் இல்லை. அதே வாரம் அந்த வண்டியைக் கோயாவின் பட்டறையிலேயே பிரித்து, பாகம் பாகமாக விற்றுவிட்டேன். நல்ல வண்டியாக ஒன்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

எங்கே வாங்குவது? போர்ட் பிளேரில் அப்போது இருந்த கார்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒவ்வொன்றின் ஜாதகமும் ஊருக்கே தெரியும். வங்காளி டாக்டர் பாபுவின் வண்டி இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டே அவர் எந்தத் தெருவில் திரும்புகிறார் என்று சொல்லலாம். இன்னொரு வண்டிக்குக் கூரை ஒழுகும். டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருந்த தெலுங்குக் காண்டிராக்டர் அப்பாராவின் கறுப்பு வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். அவர் வண்டியைத் தள்ளாத ஆண்பிள்ளை ஊரில் கிடையாது. வேறொரு தீவில், ஹட் பேயில், அவருக்குப் புதிய குத்தகை கிடைத்திருந்தது. அங்கே பிளஷர் ஓடத் தக்க சாலை இல்லை. அதனால் விற்கிறேன் என்று வாப்பாவிடம் அவரே வந்து சொன்னார்.

வாப்பா சிரித்துவிட்டார். "உங்க வண்டியத் தள்ளித்தான் எனக்கு மூட்டு வலியே வந்துச்சு காண்டிராக்டர்."

இப்படி எந்த வண்டியைச் சொன்னாலும் அதன் குறை எங்களுக்கு மனப்பாடம். எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் மெயின்லேண்ட் வண்டியில் குறை இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. எங்களுக்குத் தெரியாததால் குறையே இல்லை என்று முடிவு கட்டினோம். தீவில் இருப்பவன் புத்தி அப்படித்தான் போகும்.

யானைக்கவுனிப் பாலத்தில் ஒரு பரீட்சை

நான் மெட்ராஸுக்குக் கப்பலேறினேன். கிளம்பும்போது கோயா எனக்குப் பாடம் நடத்தினார். பானெட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான், போய்விட்டு மறுநாள் வா. புகைக்குழாயில் வெள்ளைக் கைக்குட்டை பிடி, எண்ணெய்க் கறை விழுந்தால் வேண்டாம். துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியில் ஓட்டிப் பார், ஒட்டாத இடத்தில் ஓட்டையை அடைத்துப் பட்டி பூசியிருக்கிறான். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்.

எல்லாவற்றையும் ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது உம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க நினைத்து, தயங்கி, பிறகு கேட்டார்.

"அந்த வண்டிக் கதவு எப்புடித் தொறக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கைப்பிடியத் திருகுனாத் தொறக்கும் உம்மா. கதவு வேற எப்புடித் தொறக்கும்?"

வாப்பாவும் சிரித்தார். உம்மாவும் சிரித்தார். "அதுவுஞ் சரிதான், போய்ட்டு வா" என்றார்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. ஒன்பது வருஷத்தில் அவர் தன் காலைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அதையும் நான் சிரித்து மூடிவிட்டேன்.

மெட்ராஸில் மண்ணடியில் எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீலின் கார் அந்த வெளிர்பச்சை வண்டி. பானெட் ஜில்லென்று இருந்தது. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. காந்தம் கதவடியெங்கும் விடாமல் ஒட்டியது. கடைசிப் பரீட்சைக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. அந்த ஊரில் ஏற்றமே இல்லை. பலகை மாதிரிக் கிடக்கிறது. விசாரித்து விசாரித்து யானைக்கவுனிப் பாலத்துக்குப் போனோம். சாச்சா, அவருடைய மூன்று மகன்கள், வக்கீலின் குமாஸ்தா ஆகியோரை ஏற்றிக்கொண்டு பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் டிராம் காலத்து மாட்டுவண்டியிலிருந்து லாரி வரை வரிசை கட்டி நின்று கத்தின.

போலீஸ்காரர் ஓடி வந்தார். "இன்னாய்யா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல சார், நிறுத்தியிருக்கேன். கிளம்புதான்னு பாக்குறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் கிளம்பியது. அன்றே பேச்சு முடிந்தது.

அடுப்பில் பால்

அந்த வண்டிதான் இப்போது சாத்தம் ஜெட்டியில் இறங்கியிருந்தது. அதை ஓட்டிக்கொண்டு சாத்தம் பாலத்தைத் தாண்டி, பஜாரை வேண்டுமென்றே இரண்டு சுற்று சுற்றி, வீட்டு வாசலில் நிறுத்தினேன். லாத்தா பூச்சரம் கட்டி வைத்திருந்தாள். உம்மா புதுத் துப்பட்டி போட்டிருந்தார். முதல் பயணம் அவருடையது. கப்பல் இன்னும் ஜெட்டியில்தான் இருந்தது. ஊர் ஆட்கள் சாமான் இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

முன் கதவைத் திறந்துவிட்டு வழக்கம்போல முகத்தைத் திருப்பினோம். வாப்பா கடலைப் பார்த்தார். நான் பானெட்டைத் தூக்கினேன்.

கதவு சாத்தும் சத்தம் வரவில்லை.

கம்பு கல்லில் இடறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. நான் பானெட்டுக்குள்ளேயே குனிந்திருந்தேன். என்ஜினின் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணிவிட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். உம்மா ஒரு கையால் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அடுப்புல பால வச்சது மறந்து போச்சு" என்றார். "நீங்க போய்ட்டு வாங்க. வண்டி ரொம்ப அழகா இருக்கு."

கம்பை ஊன்றி உள்ளே போய்விட்டார். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த கப்பலுக்கு அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த கப்பலன்று வாப்பா பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை வரச்சொல்லியிருந்தார். "அவுக ரெண்டு பேரும் ஒரு கை கொடுத்தாத் தூக்கி உக்கார வச்சுரலாம் புள்ள" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

உம்மாவின் முகம் சிவந்தது. "என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். அது சந்தூக்குல வச்சு. அதுவரைக்கும் யாரும் தூக்க வேணாம்."

சந்தூக்கு என்றால் எங்கள் ஆட்களில் மய்யித்தை, இறந்தவர் உடலை, சுமந்து போகும் பெட்டி. வந்திருந்த பெண்கள் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். மூன்று கப்பல் வந்து போயிற்று. வீட்டில் பேச்சே இல்லை. உம்மா சமைத்தார், தொழுதார், ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்தார்.

கோயாவின் கேள்வி

கோயா மிஸ்திரி வண்டியைப் பார்க்க வந்தார். அடியில் படுத்து, எழுந்து, "பக்கா மால்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸீட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திப் பார்த்தார். தலை கூரையில் முட்டியது. பின் ஸீட்டுக் கதவோ இன்னும் ஒடுக்கம். ஜீப்பு ஒன்று பார்க்கலாமா என்றேன். அதில் ஏற ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ள வேண்டும் என்றார்.

பிறகு கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார். "பழைய காடில உம்மா எப்டி ஏறுவாங்க? எந்தக் கால் முதல்ல?"

நான் கீழே கிடந்த மரக்கட்டையை எடுத்துத் தூசி தட்டினேன்.

"நௌ சால், ஒம்பது வருஷம் ஓட்டினே. தெரியாதா?"

"நாங்க பாக்க மாட்டோம் மிஸ்திரி. அவுகளுக்குக் கூச்சமா இருக்கும்."

"யாருக்குக் கூச்சம்?" என்றார் கோயா. எனக்குச் சுரீர் என்றது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாற்காலியும் அலமாரிக் கதவும்

அன்று மத்தியானம் சமையலறைக்குப் போனேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சம்பளம் கேட்கப் போனவன் மாதிரி நின்றேன்.

"உம்மா, நீங்க அந்தப் பழைய வண்டில எப்புடி ஏறுவீக? காலை எப்புடி வைப்பீக?"

உம்மாவின் கை நின்றது. வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "அந்த நாற்காலியை இழுத்துப் போடு" என்றார். "அலமாரிப் பக்கத்துல. ஆங், அப்புடி. இதுதான் ஸீட்டு. அலமாரிக் கதவத் தொற. அதுதான் வண்டிக் கதவு."

செய்தேன்.

"பழைய வண்டிக் கதவு பின்னாடி பாத்துத் தொறந்து நிக்கும். நான் ஸீட்டுக்கு முதுகக் காட்டி நிப்பேன். இந்தக் கையால கதவு விளிம்பப் புடிச்சுக்குவேன். கீழ பலகை ஒண்ணு ஓடுமுல்ல, அதுல நல்ல கால வச்சு அப்புடியே பின்னால ஏறி உக்காந்துருவேன். முன்னாடி ஒண்ணும் மறைக்காது. இந்த மரக்காலை ரெண்டு கையாலயும் அள்ளி, நீட்டுன வாக்குல உள்ள திருப்புவேன். புது வண்டில கதவு முன்னால வந்து நிக்கிது. காலை எங்கிட்டுத் திருப்புறது? பலகையும் இல்ல. ஸீட்டு கெணறு மாதிரிக் கீழ கெடக்கு."

சொல்லிக்கொண்டே அலமாரிக் கதவைப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து, காலை அள்ளித் திருப்பிக் காட்டினார். அவ்வளவு நேர்த்தி. எத்தனை நாள் தனியாகப் பழகியிருப்பார் என்று நினைத்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

"என்னத்துக்கு அழுவுறே?" என்றார். "கேட்டுட்டேயில்ல. போ, போய் வண்டி பாரு. கதவு பின்னாடி தொறக்குற வண்டி."

வாசலுக்கு வந்த வண்டிகள்

விஷயம் ஒரே நாளில் பஜார் முழுக்கப் பரவியது. இந்தத் தடவை நாங்கள் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், விற்க மனமுள்ளவர்கள் வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரட்டும் என்று வாப்பா சொல்லியனுப்பினார். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவது போல வண்டிகள் ஒவ்வொன்றாகச் சரிவேறி வந்தன. ஓட்டி வந்தவர்கள் மரியாதைக்கு எதிர்ச்சாயாக்கடையில் போய் நின்றுகொண்டார்கள்.

முதல் வண்டி டாக்டர் பாபுவுடையது. திரும்பும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. உம்மா வாசலுக்கு வந்தார். நாங்கள் பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பினோம்.

"இங்கிட்டுப் பாருங்க எல்லாரும்" என்றார் உம்மா. "அங்க என்ன இருக்கு? கடலு எங்கயும் போயிறாது."

பார்த்தோம். வாப்பாவும் பார்த்தார். டாக்டர் வண்டியின் கதவும் முன்பக்கம் பார்த்துத் திறக்கிற கதவுதான். உம்மா கம்பால் அதைத் தட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டாவது வண்டிக்குக் கதவு சரியாக இருந்தது, பலகை துருப்பிடித்துப் பாதி இல்லை. மூன்றாவதாக வந்தது அப்பாராவின் கறுப்பு வண்டி. சரிவில் ஒரு தடவை நின்று, சாயாக்கடை ஆட்கள் தள்ளிவிட்டுத்தான் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

உம்மா கதவின் விளிம்பைப் பிடித்தார். முதுகைக் காட்டினார். நல்ல காலைப் பலகையில் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் உந்தல். ஸீட்டில் இருந்தார். இரண்டு கைகளாலும் காலை அள்ளி உள்ளே திருப்பினார். வாப்பா வாய்விட்டு "மாஷா அல்லாஹ்" என்றார்.

அப்பாராவ் நேர்மையான மனிதர். சாயாக் கிளாஸோடு ஓடி வந்தார். "அம்மாகாரு, முன்னமே சொல்லிடறேன். இந்த காடி சடாய்ல, ஏத்தத்துல நின்னுடும். ஊருக்கே தெரியும். பிறகு என்னைத் திட்டக்கூடாது."

உம்மா உள்ளேயிருந்தபடியே சொன்னார். "நிக்கட்டும் காண்டிராக்டர். நானும் நின்னு நின்னுதான் நடக்குறேன்."

கோயா அதற்குள் வண்டிக்கு அடியில் புகுந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். துரு கொட்டவில்லை. "சேசிஸ் பக்கா, பிரேக் பக்கா" என்று அடியிலிருந்தே கத்தினார். "சூட்டுல பெட்ரோல் ஆவியாகி நிக்குது, அவ்ளோதான். நிக்கும். முறியாது."

வெளிர்பச்சை வண்டியை டாக்டர் பாபு எடுத்துக்கொண்டார். அதற்கு இடமும் வலமும் சத்தமில்லாமல் திரும்பத் தெரிந்தது. ஊருக்குத்தான் அது கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது. டாக்டர் எங்கே திரும்புகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிலானிப்பூர் ஏற்றம்

அடுத்த கப்பல் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. வானம் வெளுத்திருந்தது, நல்ல வெயில். உம்மா எப்போதும் கடைசி ஆளாகக் குளித்துத் துப்பட்டி போட்டு நிற்கும் வழக்கமுள்ளவர். அன்று எல்லோருக்கும் முன்னால் தயாராக இருந்தார். ஏறினார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஜெட்டிக்குப் போகும் வழியில், டிலானிப்பூர் ஏற்றத்தில் முக்கால் பங்கு ஏறியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

நான் இறங்கிக் கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். பிறகு என் பக்கத்துக் கதவோரம் நின்று, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளத் தயாரானேன். மர ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் நாலு பேர் சொல்லாமலே பின்னால் வந்து கை வைத்தார்கள். இன்னும் முப்பது அடி தள்ளினால் உச்சி, அப்புறம் இறக்கம், உருண்டால் தானே கிளம்பிவிடும். தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. கப்பலுக்குப் போகிற ஜனம் பூராவும் எங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிற்று.

வாப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நடுரோட்டில், இத்தனை பேருக்கு முன்னால், தன் மனைவி உட்கார்ந்திருக்கும் வண்டியை அந்நிய ஆட்கள் தள்ளுவது அவருக்குப் பெரிய அவமானம். உம்மாவுக்கு எப்படி இருக்குமோ என்று நினைத்துக் கலங்கிப் போனார். ஜன்னலருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மன்னிச்சுக்க புள்ள. எல்லாரும் பாக்குறாக. வேணுமுன்டா வீட்டுக்குத் திருப்பிரலாம். இறக்கந்தான், வண்டி தானாப் போயிரும்."

உம்மா துப்பட்டியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். மூன்று கப்பலுக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

"தூக்க வேணாமுன்டுதானே சொன்னேன்," என்றார். "தள்ள வேணாமுன்டா சொன்னேன்? கப்பலு வந்துருச்சு, தள்ளுங்க!"

மர ஆலை ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். வாப்பா தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.